ஹூட்டர்வில்லுக்குப் போன க்ளாம்பெட் குடும்பம்: 1968 கிராஸ்ஓவர் எபிசோடுகளை எந்த வரிசையில் பார்ப்பது?

தேனிக்காரன்

பால் ஹென்னிங்கின் மூன்று கிராமத்து சிட்காம்களையும் (தி பெவர்லி ஹில்பில்லீஸ், பெட்டிகோட் ஜங்ஷன், கிரீன் ஏக்கர்ஸ்) சேர்த்துப் பார்க்க உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். 1968 கடைசியில் ஹில்பில்லீஸின் கிரானி பாட்டியும் அவருடைய க்ளாம்பெட் குடும்பமும், மற்ற இரண்டு சீரியலும் நடக்கும் ஹூட்டர்வில் என்ற ஊருக்குப் போகிறார்கள். கதை ஒரு சீரியலில் கிளம்பி, இன்னொன்றில் தொடர்ந்து, திரும்பவும் பழைய இடத்துக்கே வருகிறது. ஒரு சீரியலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நடுவில் ஒரு பக்கம் கிழிந்த புத்தகம் மாதிரி இருக்கிறது.

தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொன்னால் நல்லது. 1968 எபிசோடுகளுக்குச் சரியான வரிசை எது? 1965-இல் கிரீன் ஏக்கர்ஸ் தொடங்கும்போது பெட்டிகோட் ஜங்ஷன் தெரிந்திருக்க வேண்டுமா? 1967-இல் கிரீன் ஏக்கர்ஸில் ஹில்பில்லீஸ் வெறும் டிவி நிகழ்ச்சியாக வருகிறதே, அதை எங்கே வைப்பது?

பழையஆன்டெனா

முதல் வேலை, சீசன் எண்ணை மறப்பது. மூன்றும் ஒரே ஆண்டில் தொடங்கவில்லை. ஹில்பில்லீஸ் 1962 செப்டம்பர் 26, பெட்டிகோட் 1963 செப்டம்பர் 24, கிரீன் ஏக்கர்ஸ் 1965 செப்டம்பர் 15. அதனால் ஒரே ஒளிபரப்பு ஆண்டுக்கு மூன்று எண் வரும். கணக்கு சுலபம்: ஹில்பில்லீஸ் சீசன் எண்ணில் ஒன்றைக் கழித்தால் பெட்டிகோட், மூன்றைக் கழித்தால் கிரீன் ஏக்கர்ஸ். நீங்கள் கேட்கிற 1968–69 என்பது ஹில்பில்லீஸ் 7, பெட்டிகோட் 6, கிரீன் ஏக்கர்ஸ் 4. கிரீன் ஏக்கர்ஸ் பிறந்த 1965–66 என்பது 4, 3, 1.

இரண்டாவது, கிழமை. 1968–69-இல் மூன்றையும் ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் இப்படி வைத்திருந்தது: புதன் இரவு 9 மணிக்கு ஹில்பில்லீஸ், அது முடிந்த கையோடு 9.30-க்கு கிரீன் ஏக்கர்ஸ், சனி இரவு 9.30-க்கு பெட்டிகோட். ஒரு வாரத்துக்குள் வரிசை எப்போதும் இதுதான். புதன் கிழமை கிரானி பெட்டியைக் கட்டினால், சனிக்கிழமை ஹூட்டர்வில்லில் அவர் செய்யும் அமர்க்களத்தைப் பார்க்கலாம். அன்றைய ரசிகருக்கு இடையில் மூன்று நாள்தான். இன்றைக்கு டிஸ்க்கில் பார்ப்பவருக்கு அது இரண்டு வேறு பெட்டி, இரண்டு வேறு சீசன் எண்.

செய்ய வேண்டியது: மூன்று சீரியலின் 1968 அக்டோபர் முதல் 1969 ஜனவரி வரையிலான எபிசோடுகளை முதல் ஒளிபரப்புத் தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு தேதிப்படி கலந்து அடுக்குங்கள். தயாரிப்பு எண்படி அடுக்காதீர்கள். படமெடுத்த வரிசையும் ஒளிபரப்பிய வரிசையும் சிட்காமில் அடிக்கடி மாறும். பண்டிகை எபிசோடுகளைக் காலண்டர் தேதிக்காகவே முன்பின் தள்ளுவார்கள்.

இந்தத் தொகுப்பில் தேதியை வைத்தே பிடித்துக்கொள்ளக்கூடிய எபிசோடுகள்: ஹோட்டல்காரர் கேட்டின் மகள் பெட்டி ஜோவுக்குக் குழந்தை பிறக்கும் ‘தி வேலி ஹேஸ் எ பேபி’ (பெட்டிகோட், அக்டோபர் 26), ‘தி தேங்க்ஸ்கிவிங் ஸ்டோரி’ (ஹில்பில்லீஸ், நவம்பர் 27), ‘கிறிஸ்துமஸ் இன் ஹூட்டர்வில்’ (ஹில்பில்லீஸ், டிசம்பர் 25). நவம்பர் 27 புதன், மறுநாள் வியாழன் அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் நாள். அந்த வருடம் கிறிஸ்துமஸே புதன்கிழமையில் விழுந்தது. இந்த மூன்றையும் முளையாக அடித்துக்கொண்டால் மற்றவை தானாக நடுவில் போய் உட்காரும்.

கொடிமுல்லை

வரிசை சரி. ஆனால் ஏன் 1968-இல் திடீரென்று கிரானி அந்த ஊருக்குப் போகிறார் என்பது தெரிந்தால்தான் அந்த எபிசோடுகளின் அருமை புரியும்.

பெட்டிகோட் ஜங்ஷனைத் தூக்கி நிறுத்தியவர் பீ பெனடெரெட். ஷேடி ரெஸ்ட் ஹோட்டலை நடத்தும் கேட் பிராட்லி அவர்தான். ஆறாவது சீசன் தொடங்கும்போது புற்றுநோய் முற்றிவிட்டது. 1968 அக்டோபர் 13 அன்று காலமானார். அக்டோபர் 26-இல் வந்த குழந்தை பிறக்கும் எபிசோடில் அவர் குரல் மட்டும்தான் இருக்கிறது. திரையில் தெரிவது முதுகுப் பக்கம் மட்டும், அது அவருக்கு மாற்றாக நின்ற இன்னொருவர். இறந்து 13 நாள் கழித்து அந்தக் குரல் வீடுகளில் ஒலித்தது.

ஒரு வீட்டில் முதல் பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, தாயாருக்கு உதவ வேண்டிய பாட்டி திரையில் இல்லை. அந்த இடத்தில்தான் ஐரீன் ரயனின் கிரானி ‘குழந்தை வளர்ப்பில் கரைகண்டவர்’ என்று வந்து இறங்குகிறார். அத்தை ஹெலன் என்று ரோஸ்மேரி டிகேம்ப் கொஞ்ச நாள், பிறகு டாக்டர் ஜேனட் க்ரெய்க் என்று ஜூன் லாக்ஹார்ட். பாரத்தைப் பலர் பங்கு போட்டுச் சுமந்தார்கள். கிரானியின் வருகையையும் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. விளம்பரத்துக்கான வித்தை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

கிரானி பாத்திரத்துக்கு முதலில் ஆசைப்பட்டவர் பெனடெரெட்தான். உடல்வாகு பொருந்தாது என்று ஹென்னிங் கருதினார், வேடம் ஐரீன் ரயனுக்குப் போனது. பெனடெரெட் ஹில்பில்லீஸ் முதல் சீசனில், க்ளாம்பெட் வீட்டு உறவுக்காரப் பையன் ஜெத்ரோவின் அம்மா பேர்ல் ஆனார். அடுத்த வருடம் அவருக்காகவே பெட்டிகோட் ஜங்ஷன் வந்தது. ஆறு வருடம் கழித்து, அவர் விட்டுப்போன வீட்டுக்குள் கிரானி நுழைகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வீட்டில் கிரானி போடும் சத்தமே வேறு மாதிரி கேட்கும்.

தண்டவாளம்

கதைக் காரணத்தைக் கொடிமுல்லை சொல்லிவிட்டார். வேலை நடந்த விதத்தை நான் சொல்கிறேன்.

கிராஸ்ஓவரில் எழுத்தைவிடச் சிக்கலானது கால்ஷீட். ஒரு நடிகர் இன்னொரு சீரியலில் ஒரு நாள் நடித்தால், அவர் சொந்த சீரியல் அன்று நிற்கும். இரண்டு கம்பெனிகளாக இருந்தால் ஒப்பந்தம், சம்பளம், ஸ்பான்சர் என்று ஒவ்வொன்றும் தலைவலி. இங்கே மூன்றும் ஃபில்ம்வேஸ் தயாரிப்பு, மூன்றும் சிபிஎஸ், மூன்றின் மேலும் ஹென்னிங்கின் கை. அதனால்தான் சாத்தியமானது. நம்ம ஊர் மகாசங்கமமும் ஒரே சேனலுக்குள் மட்டுமே நடப்பதற்குக் காரணம் இதுவே. ஒரு வித்தியாசம்: மகாசங்கமத்தில் இரண்டு சீரியலின் நேரத்தையும் இணைத்து ஒரு மணி நேரமாக ஓட்டுவார்கள். ஹென்னிங் அப்படி இணைக்கவில்லை. ஒவ்வொரு அரைமணியும் அந்தந்த சீரியலின் தலைப்புப் பாட்டோடு, அந்தந்தப் பெயரிலேயே போனது. அதனால் ஒவ்வொரு எபிசோடும் தனியாகவும் நிற்க வேண்டும். முந்தைய பாதியைப் பார்க்காதவருக்காக முதல் இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் நிலவரத்தைச் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது ஆதாரம் சாம் ட்ரக்கரின் மளிகைக்கடை. அங்கேயே தபால் அலுவலகம், அங்கேயே ஊர்ப் பத்திரிகை, ஊர் வம்பு. பெட்டிகோட் ஆட்களும் கிரீன் ஏக்கர்ஸ் ஆட்களும் வாரம் தவறாமல் ஒதுங்கும் இடம். ட்ரக்கராக வந்த ஃப்ராங்க் கேடி ஒரே காலத்தில் இரண்டு சீரியலில் நிரந்தர நடிகர். ஹில்பில்லீஸிலும் அதே ட்ரக்கராகவே வந்து போனார். கடை இருப்பதால் பார்வையாளருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. கிரீன் ஏக்கர்ஸ் நாயகன் ஆலிவர் டக்ளஸ் ஆணி வாங்க வருகிறார், அங்கே பெட்டிகோட்டின் அங்கிள் ஜோ உட்கார்ந்திருக்கிறார், இருவரும் பேசுகிறார்கள். அவ்வளவுதான், கிராஸ்ஓவர் முடிந்தது. பெரிய பண்டிகை எபிசோடுகளைவிட இந்தச் சின்னச் சின்ன தலைகாட்டல்கள்தான் ஹூட்டர்வில்லை ஓர் உண்மையான ஊராக ஆக்கின.

மூன்றாவது, பெட்டிகோட்டில் வரும் கேனன்பால் ரயில். வெளிப்புறக் காட்சிகளில் ஓடும் எஞ்சின் கலிபோர்னியா ஜேம்ஸ்டவுனில் உள்ள சியெரா ரயில்வேயின் 3-ஆம் எண், 1891-இல் ரோஜர்ஸ் கம்பெனி கட்டியது. சார்லி பிராட்டாக எஞ்சின் ஓட்டிய ஸ்மைலி பர்னெட் 1967 பிப்ரவரியில் காலமானார். அதனால் கிரானி ஊருக்கு வரும்போது சார்லி இல்லை. மறுஒளிபரப்பில் வரிசை மாறிப்போன எபிசோடைக் கண்டுபிடிக்க இது நல்ல குறி: சார்லி இருந்தால் அது 1968 வரிசையைச் சேர்ந்ததல்ல.

தேனிக்காரன்

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. இன்னொன்று. இணையத்தில் கிராஸ்ஓவர் என்று போடும் நீளமான பட்டியல்களில் ராய் ராபர்ட்ஸ், எல்வியா ஆல்மன் பெயர்களெல்லாம் இருக்கின்றன. அவையும் கணக்கில் வருமா?

பழையஆன்டெனா

வராது. பட்டியல்கள் கெட்டுப்போகும் முதல் இடம் அதுதான். ஒரே நடிகர் வருவது வேறு, ஒரே பாத்திரம் வருவது வேறு.

ராய் ராபர்ட்ஸ் ஹில்பில்லீஸில் டிரைஸ்டேலுக்குப் போட்டி வங்கிக்காரர் ஜான் குஷிங், பெட்டிகோட்டில் ரயில்வே தலைவர் நார்மன் கர்டிஸ். எல்வியா ஆல்மன் பெட்டிகோட்டில் செல்மா ப்ளௌட், ஹில்பில்லீஸில் கிரானியின் ஜென்மப் பகையான எல்வெர்னா பிராட்ஷா. சார்ல்ஸ் லேன் பெட்டிகோட்டில் ரயிலை நிறுத்தத் துடிக்கும் ஹோமர் பெட்லோ, ஹில்பில்லீஸில் வேறு ஆள். ஹென்னிங்கின் மகள் லிண்டா பெட்டிகோட்டில் பெட்டி ஜோ. அதற்கு முன்பே ஹில்பில்லீஸில் ஜெத்ரோவின் இரட்டைச் சகோதரி ஜெத்ரீனுக்குக் குரல் அவருடையது, வேடம் போட்டவர் ஜெத்ரோவாக நடித்த மேக்ஸ் பேர். இவை எல்லாம் ஒரே கம்பெனியின் நடிகர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது மட்டுமே.

மிகவும் குழப்புவது பெட்டிகோட்டில் பாபி ஜோவாக நடித்த லோரி சாண்டர்ஸ். பெட்டிகோட் 1970 ஏப்ரல் 4-உடன் நின்ற பிறகு அவர் ஹில்பில்லீஸுக்கு எலிசபெத் கோர்டனாக வந்தார். இரண்டு வருடம் முன்புதான் ஜெட் க்ளாம்பெட் குடும்பம் ஷேடி ரெஸ்ட்டில் பாபி ஜோவைப் பார்த்திருக்கிறது. யாரும் ‘உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே’ என்று கேட்பதில்லை.

சோதனை இப்படி வையுங்கள்: பாத்திரத்தின் பெயர் மாறாமல், அவர் சொந்த சீரியலில் நடந்தது இங்கேயும் நடந்ததாக ஏற்கப்படுகிறதா? இரண்டும் ஆம் என்றால் கிராஸ்ஓவர்.

வயக்காடு

அப்படியானால் 1967 கிரீன் ஏக்கர்ஸ் எபிசோடு உங்கள் சோதனையில் தோற்கிறது. அதன் தலைப்பே ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’. ஹூட்டர்வில் நாடகக் குழு டிவியில் வரும் ஹில்பில்லீஸை மேடை நாடகமாகப் போடுகிறது. ஆலிவரின் மனைவி லிசாதான் கிரானி, ஆலிவர் தலையில் ஜெத்ரோ வேடத்தைக் கட்டுகிறார்கள். ஆக ஹூட்டர்வில்காரர்களுக்கு க்ளாம்பெட் என்பது கற்பனைக் குடும்பம். அடுத்த வருடமே அதே கற்பனைக் குடும்பம் ரத்தமும் சதையுமாக வந்து விருந்து சாப்பிடுகிறது, அந்த விருந்தில் ஆலிவரும் லிசாவும் இருக்கிறார்கள். இந்த ஓட்டையை அடைக்காமல் மூன்றையும் ஒரே உலகம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கொடிமுல்லை

அடைக்க வேண்டாம் வயக்காடு. அடைக்க முயன்றால் கிரீன் ஏக்கர்ஸையே கொன்றுவிடுவீர்கள்.

அந்த சீரியலின் இலக்கணமே வேறு. எழுதியவர்கள் ஜே சாமர்ஸும் டிக் ஷெவிலாட்டும், ஏறக்குறைய எல்லா எபிசோடையும் இயக்கியவர் ரிச்சர்ட் பேர். அங்கே தலைப்பில் ஓடும் தயாரிப்பாளர் பெயர்கள் முட்டை மேல் எழுதியிருக்கும், லிசா அதைப் படிப்பார். ஆர்னால்ட் என்ற பன்றி டிவி பார்க்கும், ஊரே அதைப் பையனாக நடத்தும். ஃபோன் பேச ஆலிவர் கம்பத்தில் ஏறுவார். பார்க்கிற நமக்கும் அவர்களுக்கும் நடுவே உள்ள கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கும் சீரியல் அது. அதில் ஹில்பில்லீஸ் ஒரு டிவி நிகழ்ச்சியாக வருவது மிகப் பொருத்தம்.

ஆனால் அதே ஆலிவரும் லிசாவும் ஹில்பில்லீஸ் அரைமணிக்குள் வரும்போது ஹென்னிங்கின் இலக்கணம். அங்கே முட்டையில் பெயர் வராது. பெட்டிகோட்டுக்குள் போனால் இன்னும் அமைதி, ஆலிவர் சாதாரண பட்டணத்து வக்கீல். கிராஸ்ஓவரில் விருந்தாளி தன் சட்டத்தைக் கொண்டுபோவதில்லை, போன வீட்டின் சட்டத்துக்கு அடங்குகிறார். நல்லதும் கெட்டதும் இதனால்தான். நல்லது, எந்த சீரியலின் தொனியும் கெடவில்லை. கெட்டது, தேங்க்ஸ்கிவிங் எபிசோடில் மூன்று குழுவும் ஒரு காட்சியில் சேரும்போது கிரீன் ஏக்கர்ஸ்காரர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. லிசாவாக நடித்த ஈவா கபோரைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு அவருடைய பைத்தியக்கார தர்க்கத்துக்கு இடம் கொடுக்காதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

வயக்காடு

விருந்தாளி பற்றிச் சொன்னது ஏற்கத்தக்கது. ஆனாலும் ஊர் விஷயத்தில் அவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். ட்ரக்கர் மூன்றிலும் ஒரே ட்ரக்கர், அங்கிள் ஜோ மூன்றிலும் ஒரே சோம்பேறி. ஆட்களில் இவ்வளவு ஒழுங்கு வைத்தவர்கள் 1967 நாடகத்தை மறந்தார்கள் என்பதை ஏற்க மனம் வரவில்லை.

தண்டவாளம்

மறந்திருக்க வேண்டியதே இல்லை. அன்று எபிசோடு ஓடினால் ஓடியதுதான், கோடையில் ஒருமுறை மறுஒளிபரப்பு. வீட்டில் பதிவு செய்ய வழியில்லை. எழுதுகிறவர்கள் ஆட்களின் குணத்தைக் காப்பாற்றினார்கள், சம்பவங்களைக் காப்பாற்றவில்லை. ஹூட்டர்வில் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையே கடைசிவரை நிலையாகச் சொல்லவில்லை. ஷேடி ரெஸ்ட்டுக்கு மூலம் மிசௌரி மாநிலம் எல்டனில் இருந்த பர்ரிஸ் ஹோட்டல், ஹென்னிங் மனைவி ரூத்தின் தாத்தா பாட்டி நடத்தியது. அதை வைத்து ஊரையும் மிசௌரியில் நட்டு வரைபடம் போடுகிறவர்கள் உண்டு. அடுத்த எபிசோடிலேயே ஏதாவது ஒரு வரி அதைக் கவிழ்த்துவிடும்.

தேனிக்காரன்

இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. 1965?

பழையஆன்டெனா

1965 எளிது. சிபிஎஸ் ஹென்னிங்குக்கு இன்னொரு அரைமணி கொடுத்தது, பைலட் என்ற மாதிரி எபிசோடுகூடக் கேட்கவில்லை. அவருக்கு நேரமில்லாமல் ஜே சாமர்ஸிடம் விட்டார். சாமர்ஸ் 1950-இல் வானொலியில் செய்த ‘க்ரான்பிஸ் கிரீன் ஏக்கர்ஸ்’தான் மூலம். அந்த வானொலித் தொடரிலும் பீ பெனடெரெட் நடித்திருக்கிறார்.

புது சீரியலுக்குப் புது ஊர் கட்டாமல், ஏற்கெனவே இரண்டு வருடமாக மக்கள் பழகிய ஹூட்டர்வில்லில் ஆலிவரைக் குடியேற்றினார்கள். அதனால் முதல் சீசனில் கேட், அங்கிள் ஜோ எல்லாரும் வந்து போவார்கள். அதே காலத்துப் பெட்டிகோட் மூன்றாவது சீசனில் ஆலிவரும் லிசாவும் தலைகாட்டுவார்கள். முன்கதை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கேட் ஹோட்டல்காரர், ஜோ அவர் மாமா, ட்ரக்கர் கடைக்காரர், இது போதும். ஆர்னால்ட் பன்றியை வளர்க்கும் விவசாயி ஃப்ரெட் ஸிஃபெல் மட்டும் பெட்டிகோட்டில் முளைத்து கிரீன் ஏக்கர்ஸில் வளர்ந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். பார்க்கப் பார்க்க பெட்டிகோட் ஆட்கள் குறைவார்கள். சீரியல் சொந்தக் காலில் நின்றுவிட்டது என்பதற்கு அதுவே அளவுகோல்.

வயக்காடு

மேபெர்ரியை இந்த இழையில் சேர்க்கலாமா? அந்த ஊரில் நடக்கும் ‘தி ஆண்டி க்ரிஃபித் ஷோ’வும் கிராமத்து சிட்காம்தான், அதே சிபிஎஸ்தான்.

கொடிமுல்லை

சேர்க்கலாம், ஆனால் வகை வேறு. 1960 பிப்ரவரி 15-இல் டேனி தாமஸ் நிகழ்ச்சியில் ஆண்டி ஷெரிஃப்பாக வந்தது ஒரு புது சீரியலுக்கு வெள்ளோட்டம். 1964-இல் ஆண்டி க்ரிஃபித் ஷோவில் கோமர் பைல் ராணுவத்தில் சேர்வதும் அப்படியே. அப்போது மறுபக்கம் சீரியலே இல்லை, எனவே கிராஸ்ஓவரும் இல்லை. பிறகு ஆண்டியின் மகன் ஓபியும் அத்தை பீயும் கோமரைப் பார்க்கப் போகும் எபிசோடுகள்தான் அசல் கிராஸ்ஓவர். கிரீன் ஏக்கர்ஸின் கடைசி இரண்டு எபிசோடுகளும் இப்படி வெள்ளோட்டமே. எதுவும் சீரியலாகவில்லை. கடைசி எபிசோடு 1971 ஏப்ரல் 27. அந்த வருடம் சிபிஎஸ் கிராமத்து நிகழ்ச்சிகளை மொத்தமாகக் கத்தரித்ததில் ஹில்பில்லீஸும் போனது.

தண்டவாளம்

பார்க்க உட்காருகிறவர்களுக்கு டிஸ்க் பற்றி ஒரு எச்சரிக்கை. மலிவு விலை ஹில்பில்லீஸ் தொகுப்புகளை வாங்கி கிரானியின் ஹூட்டர்வில் பயணத்தைத் தேடாதீர்கள். பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் விடுபட்டது முதல் சீசனும் இரண்டாவதில் ஒரு பகுதியும்தான், மலிவுத் தொகுப்புகளில் இருப்பவை அவையே. எல்லாம் கறுப்பு வெள்ளை. பாட்டின் உரிமை இன்னும் இருப்பதால் தலைப்புப் பாட்டையும் மாற்றியிருப்பார்கள். ஹில்பில்லீஸும் பெட்டிகோட்டும் 1965 செப்டம்பரில்தான் கலருக்கு மாறின, கிரீன் ஏக்கர்ஸ் முதல் நாளிலிருந்தே கலர். நாம் இங்கே பேசுகிற கிராஸ்ஓவர் எதுவும் கறுப்பு வெள்ளையில் கிடையாது.

இன்னொன்று, மறுஒளிபரப்புக்கு வெட்டிய பிரதி. 60-களில் அரைமணி சிட்காமில் படம் சுமார் 25 நிமிடம் ஓடும். விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று பிற்காலத்தில் இரண்டு மூன்று நிமிடத்தைக் கழித்தார்கள். கதைக்குத் தேவைப்படாத விருந்தாளிக் காட்சிக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம். ஓடும் நேரம் 23 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

தேனிக்காரன்

அப்படியானால் 1967 நாடக எபிசோடை வரிசையில் எங்கே செருகுவது?

பழையஆன்டெனா

அதன் தேதியிலேயே, கிரீன் ஏக்கர்ஸ் இரண்டாவது சீசனில். 1968 தொகுப்போடு ஒட்ட வேண்டாம். ஆனால் கிறிஸ்துமஸ் எபிசோடு முடிந்த பிறகு தனியாக ஒருமுறை எடுத்துப் போடுங்கள். கிரானி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அதே லிசா கிரானி வேடம் கட்டுவதை அப்போது பார்க்க வேண்டும்.